வெயிலிலும் குளிர்ந்த இலை

பூங்காவுக்குத் தீ வைக்கிற நாளில் யாராவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்களா? ஸிக்கி வந்தான். அறுபத்தைந்தைத் தாண்டியவன், சிகாகோ நகரப் பேருந்தை ஆயுசுக்கும் ஓட்டி ஓய்ந்தவன். புகையும் கரியும் பறக்கப்போகிற இடத்தில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றான். காரணம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று அவன் ஒருவன்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஸிக்கி, கல்யாணத்துக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள் லூப்பே. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் இங்கே களை பிடுங்க வந்துவிடுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

"துவைச்சது இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"ஆமாமா, நம்பிட்டேன். ஓபல் அங்க நிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"உனக்கு வேற வேலை இல்லையா? போய் வாளியில தண்ணி பிடி, போ."

ஓபல் தூரத்தில் நின்று, ஈரமாக்கிய விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். பேசினாலே பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும். பூங்காவின் மேற்கு மூலையில், சரக்கு ரயில் போகிற மேட்டை ஒட்டி, சும்மா பச்சையாகக் கிடந்த புல்தரையைக் கிளறி, இந்த மண்ணில் முன்னொரு காலத்தில் நின்ற புல்லையும் பூவையும் திரும்பக் கொண்டுவந்தவள் அவள்தான். பிரெய்ரி என்பார்கள். ஆள் மறைகிற உயரத்துக்குப் புல் வளரும் காடு. வருஷா வருஷம் வசந்தத்தில் அதை எரித்தாக வேண்டும். எரித்தால்தான் களை சாகும், மண் கறுத்துச் சூடாகும், கீழே தூங்குகிறதெல்லாம் எழுந்து வரும்.

பூங்காவின் தீக்காரர்கள் மஞ்சள் உடுப்பில் வந்து, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக எண்ணெய்ப் பந்தத்தால் தீயை ஊற்றிக்கொண்டே நடந்தார்கள். ஸிக்கியும் மற்றவர்களும் வாருகோலும் முதுகில் தண்ணீர்ப் பையுமாக ஓரத்தில் காவல் நின்றார்கள். தெருவில் நாலு பக்கமும் அறிவிப்புப் பலகை வைத்திருந்தும், யாரோ ஒரு புண்ணியவான் வழக்கம்போலத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டான். வண்டி வந்தது. வண்டிக்காரர்கள் வழக்கம்போல ஓபலிடம் ஒரு டோனட் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

புகை எழுந்து நின்றபோது ஊரே காணாமல் போயிற்று. எதிர்ச்சாரி அடுக்குமாடிகள், மின்கம்பி, ரயில் மேடு ஒன்றுமே இல்லை. வெளுத்த வெளிச்சமும் புல் வெடிக்கிற சத்தமும் மட்டுமே மிச்சம். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஓபல் நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவள் தலைமுடியில் சாம்பல் மெல்ல மெல்ல இறங்கியது. இப்படியே புகை கலையாமல் இருந்துவிட்டால் நல்லது என்று ஸிக்கி நினைத்தான்.

"இதுதான் எனக்குக் கடைசித் தீ, ஸிக்கி," என்றாள்.

"ஏன், அடுத்த வருஷம் மழை பெய்யப்போகுதா?"

"மகள்கிட்டப் போறேன், பாலைவனத்துப் பக்கம், டூசானுக்கு. நவம்பர் விதைப்பு முடிஞ்சதும் கிளம்பிடுவேன். மூணு வருஷமா வா வான்னு ஒரே பிடிவாதம்."

அவனுடையது ஓட்டுநர் முகம். எது வந்தாலும் நேரே பார்க்கப் பழகிய முகம். "அங்க வெறும் கள்ளிதானே இருக்கு?" என்றான்.

"கள்ளிக்குக் களை பிடுங்க வேணாமாம். என் முட்டிக்கு அதுதான் சரி." தீப் பக்கம் கையை நீட்டினாள். "எல்லாம் வந்துச்சு, ஸிக்கி. நான் போட்ட புல்லு, பூவு எல்லாம் வந்துச்சு. பிரெய்ரி டாக் செடி மட்டும் வரலை. எட்டு வருஷமா விதைக்கிறேன். ஒரு இலைகூட எட்டிப் பாக்கலை. அது இல்லாத பிரெய்ரி ஒரு பிரெய்ரியா? இந்த மண்ணுக்கு என்னைப் பிடிக்கலை போல."

"அது எப்படித்தான் இருக்கும்?"

"பூத்துச்சுன்னா உங்க தலைக்கு மேல நிக்கும். இலையே இல்லாத மொட்டைத் தண்டு, உச்சியில குட்டிக் குட்டியா மஞ்சள் சூரியன். வேர் போற ஆழத்துக்கு நம்மளை ஒருத்தர் மேல ஒருத்தரா நிக்க வச்சாலும் பத்தாது. அங்கேருந்து தண்ணி இழுக்கும். ஆகஸ்ட் வெயில்ல அதோட இலையைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கும்." சிரித்தாள். "ஒரே ஒரு டாக் முளைச்சிருக்கிறதைப் பாத்துட்டேன்னா நான் எங்கயும் போக மாட்டேன். மகள் வந்து கட்டித் தூக்கிட்டுப் போனாலும் போக மாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஸிக்கிக்கு அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க வேறு நினைப்பே இல்லை. போனில் தேடினான். எல்லாப் படத்திலும் வானத்தைத் தொடுகிற மஞ்சள் பூ. சரி, இதைத்தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று, மே, ஜூன் எல்லாம் புல்லுக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரிந்தான். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கீழே குனிந்து அவன் பார்த்ததெல்லாம் தன் பரம எதிரியை மட்டும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸிக்கி முதன்முதலாக வந்த அன்று ஓபல் அவன் கையில் ஒடுங்கின வாயுள்ள மண்வெட்டி ஒன்றைக் கொடுத்து, ரயில் மேட்டுச் சரிவைக் காட்டி, "அங்க அகல இலையா ஒட்டுமுள் செடி நிக்கும். காய் உருண்டை உருண்டையாக் காச்சு நாய், மனுஷன் எல்லார் மேலயும் ஒட்டிக்கும். வேரோட வெட்டுங்க," என்றாள். அவ்வளவுதான். சரிவு அவன் ராஜ்ஜியமாயிற்று. முட்டி வலிக்காரி ஓபல் அங்கே இறங்க மாட்டாள். மற்றவர்களுக்கு ரயில் சத்தம் ஆகாது. நாலைந்து வசந்தத்தில் ஒட்டுமுள்ளைப் பூண்டோடு ஒழித்துவிட்டான். ஒட்டுமுள் ராஜா என்று லூப்பே பட்டம்கூடக் கொடுத்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் சாகவில்லை. சரிவின் அடியில், வேலி ஓரத்தில் நின்ற ஒன்று. கை அகலத்துக்கு இலை விட்டதும் வெட்டுவான். அடுத்த வசந்தத்தில் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நிற்கும். மேலே வந்து ஓபலிடம் புலம்புவான்: "ஒரு ஒட்டுமுள் இருக்கு, என்னைக் கிறுக்கனாக்குது. வெட்ட வெட்ட வருது."

"வேர் பாதியில அறுந்திருக்கும். இன்னும் ஆழமா வெட்டுங்க," என்பாள் ஓபல்.

அவனும் இன்னும் ஆழமாக வெட்டுவான். அவள் சொன்னால் அவன் கிணறே வெட்டுவான்.

இந்த வருஷமும் மே மாதம் ஒரு தடவை வெட்டினான். ஜூனில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிகிற வேலையே கூடாது என்று லூப்பே மிரட்டி வைத்தாள். ஆகஸ்டு வந்தது. டாக்கும் வரவில்லை, ஓபலும் முடிவை மாற்றவில்லை. வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்வி.

அன்று சனிக்கிழமை, மதியம் காற்றே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஸிக்கிக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. மகள் மேலா, டூசான் மேலா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத தன் மேலா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான். அந்த ஒன்றையாவது இன்றைக்கு ஒழித்துக்கட்டுவது என்று முடிவு.

இரண்டு மாதம் யாரும் தொடாததில் அது கொழுத்துப் போயிருந்தது. முறம் அகலத்துக்கு இலை, இரண்டு, மூன்று. நிமிர்ந்து நின்றன. "இருடா, வர்றேன்," என்றான். ஆனால் இடுப்பு ஒரு இழு இழுத்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வெட்டலாம் என்று புல் நிழலில் சாய்ந்தான். நீலத்தண்டுப் புல் தலைக்கு மேலே கூடிக்கொண்டது. வெட்டுக்கிளி ஓயாமல் கத்தியது. எங்கோ சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. முடிகிற ரயிலாகத் தெரியவில்லை.

அவன் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். பாதை கீழே கீழே இறங்கியது. கறுத்த மண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வேர், அதுதான் சாலை. வண்டி நிறையப் பயணிகள், எல்லோரும் நல்ல தூக்கம். பார்த்தால் எல்லோரும் விதைகள். தொப்பி போட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். யாருக்கு எந்த நிறுத்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவசரப்படவும் இல்லை. இன்னும் கீழே போனான். குளிர்ந்தது. ஒரு நிறுத்தத்தில் ஓபல் பெட்டியோடு நின்றாள். கதவைத் திறந்தான். அவள் ஏறவில்லை. "இது டூசான் போகுமா?" என்றாள். "போகாது," என்றான். "அப்போ எங்க போகுது?" பதில் அவனுக்குத் தெரியும், நாக்குதான் புரளவில்லை. கீழேயிருந்து குளிர் ஏறி ஏறி வந்து அவன் கன்னத்தைத் தொட்டது.

விழித்தான். உடம்பெல்லாம் வேர்வை. கன்னம் மட்டும் ஜில்லென்று இருந்தது.

தூக்கத்தில் சரிந்து அந்த இலை மேல் சாய்ந்திருந்தான். எழுந்து உட்கார்ந்து கன்னத்தைத் தடவினான். பக்கத்தில் கிடந்த கல்லைத் தொட்டான், சுட்டது. புல்லைத் தொட்டான், கதகதப்பு. இலையில் உள்ளங்கையை வைத்தான். ஐஸ்பெட்டிக்குள் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. திருப்பிப் பார்த்தான். ஒட்டுமுள்ளின் இலை அடியில் பஞ்சாக இருக்கும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இது இரண்டு பக்கமும் சொரசொரவென்று உப்புத்தாள். இத்தனை வருஷம் கையுறையைக் கழற்றி ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

"ஐயோ," என்றான் ஸிக்கி. "ஐயோ, நீயா?"

ஓபல் மண்ணைக் கெஞ்சியிருக்கிறாள். மண் கொடுத்திருக்கிறது. இவன் வெட்டியிருக்கிறான். ஒரு தடவையா, இரண்டு தடவையா? சொன்னால் அவள் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள், அதுவும் இந்த மண்ணுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே போவாள். அந்த நினைப்போடு அவள் போவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஏறினான்.

"கொஞ்சம் கீழ வாங்க," என்றான் ஓபலிடம்.

"என் முட்டிக்கு அந்தச் சரிவா? போட்டோ எடுத்துட்டு வாங்க."

"போட்டோல தெரியாது. என் தோளைப் பிடிச்சுக்குங்க."

அவன் முகத்தைப் பார்த்தவள் கையை நீட்டினாள். ஒவ்வொரு அடியாக இறங்கினார்கள். அவள் கை அவன் தோளில் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அது ஒன்றே அவனுக்கு ஒரு வருஷத்துக்குப் போதும். வேலி ஓரத்தில் அவள் கையை எடுத்து இலை மேல் வைத்தான்.

ஓபல் கண்ணை மூடிக்கொண்டு வைத்த கையை வைத்தபடி நின்றாள். பிறகு மண்டியிட்டாள், அந்த முட்டியோடு. இரண்டு கையாலும் இலையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் முகத்தைப் பிடிப்பதுபோலத்தான் இருந்தது. "எப்படி இங்க வந்தே நீ?" என்று அதைக் கேட்டாள். "ஓ! கடைசிக் கைப்பிடி."

விதைப்பு நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாளியில் மிஞ்சுகிற கடைசிக் கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும். எங்கே விழுந்தது என்று பார்க்கக் கூடாது. அப்படி ஒரு வருஷம் எறிந்தது காற்றில் இங்கே வந்து இறங்கியிருக்கிறது.

"ஆனா இவ்ளோ சின்னதா இருக்கே. இந்நேரம் பூத்திருக்கணுமே," என்றாள். அப்போதுதான் இலைக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தாள். பழைய வெட்டு, அதற்குக் கீழே இன்னும் பழைய வெட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக ஆறிக் கறுத்த தழும்புகள். பக்கத்தில் ஒடுங்கின வாயுள்ள மண்வெட்டி. மெதுவாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றான் ஸிக்கி. "ஒட்டுமுள்ளுன்னு நினைச்சேன்."

"எத்தனை வருஷமா?"

"வந்த நாளிலிருந்து."

பின்பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் அன்றைக்கு ரயில் மேட்டைத் தாண்டிக் கேட்டது. கண் எதுக்கு இருக்கு, மூஞ்சியில ஓட்டையா என்றாள். பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டினீங்களா, எத்தனை பேர் மேல ஏத்தினீங்க என்றாள். எட்டு வருஷமா நான் அழுதது உங்க காதுல விழலையா என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். திருப்பிச் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தை இருந்தது. அதை விழுங்கிவிட்டான். லூப்பே ஓடி வந்து ஓபலைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப்போனாள்.

அதற்கப்புறம் ஓபல் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை. புல் செம்பழுப்பாக மாறியது. பூவெல்லாம் விதையாயிற்று. ஸிக்கி தவறாமல் வந்தான். மண்வெட்டியைத் தொடவில்லை. மற்றவர்களோடு விதை உருவினான். போகிறபோது சரிவில் இறங்கி அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அதோடு என்ன பேசினான் என்று கேட்காதீர்கள். லூப்பேகூட அதை வைத்துக் கேலி செய்யவில்லை.

நவம்பரில் விதைப்பு நாள் வந்தது. வானம் தாழ்ந்து கிடந்தது. ஏரிக்காற்று காதை அறுத்தது. விதையை ஈர மணலோடு பிசைந்து வாளி வாளியாக வைத்திருந்தார்கள். ஸிக்கி பழைய பேருந்துக் கம்பெனி ஜாக்கெட்டில் நின்றான். இன்றைக்கு வெள்ளைச் சட்டை எதற்கு?

லூப்பேயின் கார் வந்து நின்றது. ஓபல் இறங்கினாள். யாரையும் பார்க்கவில்லை. கையில் ஒரு கம்பி வளையமும் துணி சுற்றிய குச்சியும். நேரே சரிவை நோக்கி நடந்தாள். ஸிக்கி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். பிடித்துக்கொண்டாள்.

பாதிச் சரிவில் அவனுக்குப் பொறுக்கவில்லை. கனவில் புரளாத நாக்கு அந்தக் காற்றில் புரண்டுவிட்டது.

"போகாதீங்க, ஓபல். செடிக்காகச் சொல்லலை. பூத்தாலும் சரி, பூக்காட்டியும் சரி. எனக்காகப் போகாதீங்க."

அவள் தோளைப் பிடித்தபடியே இறங்கினாள். வேலி ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இலைகள் காய்ந்து தோல்போல விறைத்து நின்றன. கம்பி வளையத்தை அதைச் சுற்றி ஊன்றினாள்.

"'ஒரு ஒட்டுமுள் சாக மாட்டேங்குது'ன்னு என்கிட்ட வந்து எத்தனை தடவை சொன்னீங்க?" என்றாள், அவனைப் பார்க்காமல்.

ஸிக்கி வளையத்தை மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ஒவ்வொரு தடவையும் 'இன்னும் ஆழமா வெட்டுங்க'ன்னு சொன்னது யாரு? ஒரு நாளாவது இறங்கி வந்து பாத்தேனா? உங்களைத் திட்டிட்டு வீட்டுக்குப் போய், தட்டுல சாப்பாட்டை வச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு. சாப்பாடு இறங்கலை. அன்னைக்கு அதை எடுத்து என் மூஞ்சியில அடிச்சிருக்கலாமில்ல? ஏன் அடிக்கலை?"

"அன்னைக்கு உங்களுக்கு இருந்த வருத்தமே போதும்னு தோணுச்சு."

ஓபலின் கண் நிறைந்துவிட்டது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். "முட்டாளு," என்றாள். பிறகு குச்சியை வளையத்துக்குள் குத்தி நிறுத்தித் துணியைப் பிரித்துவிட்டாள். பிடுங்கக் கூடாத செடிக்குப் பக்கத்தில் நடுகிற ஆரஞ்சு நிறக் கொடி. அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ஸிக்கி கை வைக்கக் கூடாது.

மேலேயிருந்து லூப்பே சத்தம் போட்டுப் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஸிக்கி சிரிக்கவில்லை.

"எப்போ பூக்கும்?" என்றான்.

"நீ வெட்டின வெட்டுக்கா? இன்னும் நாலஞ்சு வருஷமாவது ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஒவ்வொரு வசந்தத்துலயும் உன்னையும் உன் மண்வெட்டியையும் ஒருத்தர் காவல் காக்க வேணாமா? டூசான்லேருந்து கத்தினா உனக்குக் கேக்குமா?"

ஸிக்கி காய்ந்த இலையைத் தொட்டான். குளிர்காலத்தில் எல்லாமே ஜில்லென்றுதான் இருக்கும், அதனால் என்ன? தொட்டான். மேலே லூப்பே, விதை காய்கிறது, மணல் காய்கிறது, நாங்களும் காய்கிறோம் என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் ஏறிப்போய், எல்லோரோடும் கூட விதையை வீசி, விதை மண்ணில் பதியட்டும் என்று அதன் மேல் மிதித்து மிதித்து நடந்தார்கள். ஓபல் முட்டியை மறந்து மிதித்தாள்.

கடைசிக் கைப்பிடியை அவள் எறியவில்லை. ஸிக்கியின் கையைப் பிரித்து அதில் வைத்து மூடினாள்.

"கண்ணை மூடு," என்றாள்.

மூடிக்கொண்டு எறிந்தான். எங்கே விழுந்தது என்று அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.